ஒய்.பி. என்ஜினை மறந்துவிட்டோம்

ஐயா,

போடி வரை அகல ரயில் பாதை வந்ததைப் பற்றி 2023-இல் பக்கம் பக்கமாக எழுதினார்கள். நல்ல சேதிதான். ஆனால் மதுரை வட்டாரத்து மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) தடங்களில் மாடாய் உழைத்த 'ஒய்.பி.' கரி என்ஜின்களைப் பற்றி எவரும் மூச்சு விடவில்லை.

1949 முதல் 1970 வரை மொத்தம் 871 ஒய்.பி. என்ஜின்கள் செய்யப்பட்டன, பெரும்பாலானவை ஜாம்ஷெட்பூர் டெல்கோ தொழிற்சாலையின் தயாரிப்பு. முன்னால் நான்கு சிறு சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு. பயணிகள் வண்டிக்கென்றே வடிவமைத்தது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஃபயர்மேன் கரியை அள்ளி வீச வீச, அடுப்புக் கதவு திறக்கும்போதெல்லாம் அவர் முகம் செக்கச் சிவந்து தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழாமல் இருக்காது. வெள்ளைச் சட்டைக்காரர்களுக்கு அது பெரும் பாடு!

டீசல் வந்தது, கதை முடிந்தது. 1990-களில் அநேகமாக எல்லாவற்றையும் ஏலம் விட்டு, கேஸ் கட்டரால் அறுத்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள். அத்தனையையும் காப்பாற்றியிருக்க முடியாது என்பது புரிகிறது. ஆனால் அவற்றை ஓட்டியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், எல்லோருக்கும் வயதாகிவிட்டது. ரயில்வே நிர்வாகம் அவர்களைத் தேடிப்பிடித்து அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்ய வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

– வாசகர், மதுரை