வட்டி ஃபங்ஷன் ஏன் குப்பை நம்பர் குடுக்குது

டேய் மாப்ள,

உன் மெயில் பார்த்தேன், அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல ரொம்ப சந்தோஷம், சொட்டு மருந்து மட்டும் நேரத்துக்கு விடச் சொல்லு. இங்க எல்லாரும் சௌக்கியம், சின்னவ பதினொண்ணாவதுல கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்துருக்கா.

நீ சி லாங்குவேஜ்ல எழுதுன வட்டி ப்ரோக்ராம பார்த்தேன்டா, ஃபார்முலால ஒரு தப்பும் இல்ல. ஃபங்ஷன தனி ஃபைல்ல ரெண்டு டபுள் (புள்ளி வெச்ச நம்பர்) பாராமீட்டரோட எழுதிட்டு, மெயின் இருக்கற ஃபைல்ல டிக்ளேர் பண்ணாமயே, அதாவது இப்படி ஒரு ஃபங்ஷன் இருக்குன்னு முன்னாடி சொல்லாமயே, அசல் 10000, வட்டி வீதம் 8ன்னு கூப்பிட்ருக்க. அந்த ஃபைல கம்பைல் பண்றப்போ இன்னொரு ஃபைல்ல என்ன இருக்குன்னு கம்பைலருக்கு (கோட மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தற ப்ரோக்ராம்) தெரியாது, அதனால இது இன்ட் (முழு எண்) திருப்பித் தர்ற ஃபங்ஷன்னு அதுவா எடுத்துக்கிட்டு ரெண்டு நம்பரையும் இன்ட்டாவே அனுப்பிடுது. உன் 64 பிட் லினக்ஸ்ல இன்ட் போற ரெஜிஸ்டர் (ப்ராசஸருக்குள்ள நம்பர் வெக்கற இடம்) வேற, டபுள் போற எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டர் வேற, ஃபங்ஷன் போய் எக்ஸ்எம்எம்ல தேடுது, அங்க முன்னாடி என்ன கெடந்துச்சோ அதத்தான் அசல்னு நெனச்சு கணக்கு போடுது. கம்பைல் ஆன ஃபைல்கள ஒண்ணா சேக்கற லிங்கராவது புடிக்கும்னு பார்த்தா சி-ல அது பேர் ஒத்துப்போகுதான்னு மட்டும்தான் பார்க்கும், டைப் பக்கமே போகாது.

டிக்ளேர் பண்றப்போ டபுள்னு டைப்பையும் வட்டின்னு ஃபங்ஷன் பேரையும் எழுதி ப்ராக்கெட்ட காலியா விட்டா போதும்னு யாரோ சொன்னாங்கன்னு எழுதிருந்தியே, அத கேக்காத. திரும்பி வர்ற டைப் சரியாகும், ஆனா உள்ள போறது அப்பவும் இன்ட்தான். சி-யோட 1989 ஸ்டாண்டர்ட்ல ப்ரோட்டோடைப் (பாராமீட்டர் டைப்பையும் சொல்ற டிக்ளரேஷன்) வந்ததே இதுக்காகத்தான், ப்ராக்கெட்டுக்குள்ள டபுள், டபுள்னு போட்டா 10000த்த கம்பைலரே டபுளா மாத்தி அனுப்பும். 1999 ஸ்டாண்டர்டான சி99லயே டிக்ளேர் பண்ணாம கூப்பிடக்கூடாதுன்னு ஆயிடுச்சு, ஆனா நீ யூஸ் பண்ற ஜிசிசி கம்பைலர் ரொம்ப வருஷம் வார்னிங்கோட விட்டுட்டு 2024ல வந்த 14வது வெர்ஷன்லதான் எர்ரர் ஆக்குச்சு, உன்கிட்ட இருக்கறது பழசு.

ப்ரோட்டோடைப்ப ஒரு ஹெடர் ஃபைல்ல போட்டு ரெண்டு ஃபைல்லயும் இன்க்ளூட் பண்ணு. ஃபங்ஷன் எழுதுன ஃபைல்லயும் கண்டிப்பா பண்ணணும்டா, நெறைய பேர் அத விட்டுடறாங்க, நாளைக்கு யாராவது அங்க பாராமீட்டர லாங்னு மாத்திட்டா ஹெடரோட ஒத்துப்போகலன்னு கம்பைலர் கத்தறது அப்பதான் நடக்கும். வார்னிங் வந்தா தள்ளிட்டு போகாத, ஒவ்வொண்ணா படி.

ஒரு வருஷத்துக்கு 800 வரணும், வரலன்னா ரெண்டு ஃபைலையும் அனுப்பு. தீபாவளிக்கு ஊருக்கு வர்றல்ல, டிக்கெட் போட்டதும் சொல்லு.