முதலில் நிழலைப் பார், முரளி

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. நான் ஓய்வு பெற்றதிலிருந்து மண்வெட்டியும் கையுமாகத்தான் திரிகிறேன். கேட்காமலே தோட்டப் புராணம் பாடுகிறவன் நான். இந்தத் தடவை நீயே கேட்டு மாட்டிக்கொண்டாய்.

பின்பக்கம் காடு மாதிரி அடர்ந்து வர வேண்டும், பனை வகையான பாம் மரங்களில் எதை வைக்கலாம் என்கிறாய். மரத்தின் அழகை விடு, அது போடும் நிழலைப் பார். அரேகாவின் ஓலை பிரிபிரியாக இருப்பதால் அடியில் வெயில் துண்டு துண்டாக விழும். உச்சி அடுக்குக்கு அதுதான் சரி. விசிறி இலை லிக்குவாலா வெயிலை மறித்துவிடும். அதுவே நிழல் விரும்பிதான், அதனால் நடு அடுக்கில் வை. ராயல் பாம் மட்டும் வேண்டாம். முற்றிய மட்டை ஒன்று விழுந்தால் போதும், கீழே இருப்பதெல்லாம் நசுங்கிவிடும். கூந்தல் பனை வைக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பாதே. உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பூத்து முடித்ததும் அந்த மரம் பட்டுப்போகும்.

அப்புறம் தரை அடுக்கு. அங்கே புரொமீலியாட் செடிகள் வை, அன்னாசியின் சொந்தக்காரர்கள். விறைத்த, முள் விளிம்புள்ள இலை பெரும்பாலும் வெளிச்சம் கேட்கும். வழுவழுப்பான மெல்லிய இலை நிழலைத் தாங்கும். அரேகா ஓரத்தில் நியோரெஜீலியா என்ற புரொமீலியாட் வகையை வைத்தால் இலையில் சிவப்பு ஏறும். அதையே இருட்டு மூலையில் வைத்தால் வெறும் பச்சைதான். அந்த மூலைக்கு குஸ்மேனியா என்ற இன்னொரு வகை. ஒவ்வொன்றாகத் தெளிக்காமல் ஒரே வகையைக் கூட்டமாக வை. கலவையாக வைத்தால் நர்சரி மாதிரிதான் தெரியும்.

மண்ணில் நடாதே என்பேன். இவற்றில் பல, காட்டில் மரக்கிளையைப் பற்றி வாழ்பவை. வேர் பிடிமானத்துக்குத்தான், தண்ணீரை இலையே உறிஞ்சிக்கொள்ளும். தேங்காய் மட்டைத் துண்டும் கரியும் போட்ட தொட்டியோடு விளிம்புவரை புதைத்துவிடு. பாம் வளர வளர நிழல் இடம் மாறும், அப்போது தொட்டியைத் தூக்கி மாற்றிக்கொள்ளலாம். மரத்தின் வேரையும் கொத்த வேண்டியதில்லை.

பூத்த பிறகு தாய்ச்செடி மெல்ல வாடும்; பதறிப் பிடுங்காதே. அடியில் பக்கக்கன்று வரும். தாயின் மூன்றில் ஒரு பங்கு உயரம் வந்ததும் பிரித்து வேறு தொட்டியில் நடு.

புரொமீலியாட் இலைகளின் நடுக்குழியில் தண்ணீர் நிற்பதால் கொசுப்புழு வரும். வாரம் ஒருமுறை குழாயை வேகமாகப் பீய்ச்சிப் பழைய தண்ணீரை வெளியேற்று. போர்டோ கலவை மாதிரி தாமிரம் கலந்த பூஞ்சை மருந்தை அருகிலேயே கொண்டுபோகாதே, புரொமீலியாடுக்கு அது விஷம்.

எதையும் வாங்குவதற்கு முன், பின்பக்கத்தைக் காலை, உச்சி, மாலை என மூன்று வேளையும் படம் எடுத்து அனுப்பு. எந்த மூலைக்கு எது என்று குறித்து அனுப்புகிறேன். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சேகர்