சூழ்ச்சி: ஆலோசனை கேட்பதற்கான ஒரு பழஞ்சொல்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு வணக்கம்.

குறள் மனனம் செய்யும் பிள்ளைகள் ஓரிடத்தில் குழம்பிப் போகிறார்கள். 671ஆம் குறள் 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்று தொடங்குகிறது. நாடகங்களில் வில்லன் செய்யும் சூழ்ச்சியையே கேட்டுப் பழகிய பிள்ளை, விளக்கம் எழுதச் சொன்னால் 'சதி' என்று எழுதிவிடுகிறது. மதிப்பெண் போவதைவிட, குறளே தலைகீழாகிவிடுகிறதே!

சூழ்தல் என்றால் சுற்றி நிற்றல். பினாங்குக் கொடிமலையை மேகம் சூழ்ந்தது என்கிறோமே, அதே சொல்தான். ஒரு காரியத்தை நாலாபக்கமும் சுற்றிப் பார்த்து, விவரம் தெரிந்தவரோடு கலந்து பேசுவதையும் பழந்தமிழ் சூழ்தல் என்றது. அப்படிப் பேசித் துணிந்தபின் தாமதிப்பது தீது என்பதே அந்தக் குறளின் பொருள். இன்றைய வழக்கில் கெட்ட பொருள் மட்டும் நின்றுவிட்டது.

445ஆம் குறளையும் வீட்டில் சேர்த்துப் படியுங்கள்:

சூழ்வார்கண் ணாக ஒழுகலான் மன்னவன்
சூழ்வாரைச் சூழ்ந்து கொளல்.

மூன்று 'சூழ்' இருக்கின்றன. முதல் இரண்டும் ஆலோசனை சொல்பவரைக் குறிப்பவை. மூன்றாவது, ஆராய்ந்து என்பது. ஆலோசகரே அரசனுக்குக் கண். நாம் இன்று சொல்லும் 'ஆலோசனை' வடமொழியில் பார்த்தல் என்னும் வேரிலிருந்து வந்தது. கண்ணைக் குறிக்கும் 'லோசனம்' அதன் உறவு. இரு மொழியிலும் கண் வந்து நிற்கும் இந்தப் பொருத்தத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினால் பிறகு மறக்கவே மாட்டார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு நாம் சொல்லும் 'மெஸ்யுவாராட்' அரபியிலிருந்து மலாய்க்கு வந்த சொல், அதுவும் கலந்தாலோசிப்பதுதான்.

ஆலோசனை கேட்க வரும்போது பிள்ளையின் பயிற்சிப் புத்தகத்தைக் கையோடு கொண்டு வாருங்கள். "என் பிள்ளை எப்படிப் படிக்கிறான் டீச்சர்?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்ற பதில்தான் கிடைக்கும். "மலாய்க் கட்டுரையில் இரண்டு பத்திக்கு மேல் எழுத மாட்டேன் என்கிறான், எங்கே தடுமாறுகிறான்?" என்று கேளுங்கள். ஆசிரியர் பக்கத்தைப் புரட்டி, அந்த இடத்தில் விரல் வைத்துக் காட்ட முடியும். ஆறாம் ஆண்டுப் பெற்றோர் இடைநிலைப்பள்ளியைப் பற்றிக் கேட்கும்போது, அங்கே தமிழ் வகுப்பு பள்ளி நேரத்துக்குள் நடக்கிறதா, பிறகா என்பதையும் கேளுங்கள். பிள்ளையும் உடனிருக்கட்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்