ஜீப், டபள் கெப் வைத்திருக்கும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்புக்குரிய வாடிக்கையாளர்களுக்கு நுவரெலியாவிலுள்ள எங்கள் கராஜிலிருந்து வணக்கம்.

போன மாதம், தோட்டத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் எங்கள் பில் துண்டை மேசையில் விரித்து வைத்து, "தம்பி, இந்த நாலு வீல் வரியை இன்னும் எத்தனை வருசத்துக்குக் கட்டுறது?" என்று கேட்டார். துண்டை எடுத்துப் பார்த்தேன். ‘லைசன் வேலை’ (வாகனத்தின் வருடாந்த வரி அனுமதிப்பத்திரம் எடுத்துக் கொடுக்கும் வேலை) என்று மட்டும் எழுதி, பக்கத்தில் ஒரே தொகை போட்டிருந்தது. அதில் அரசாங்கத்துக்குப் போனது எவ்வளவு, எங்கள் கூலி எவ்வளவு என்று அவருக்கு எப்படித் தெரியும்? பிழை எங்களுடையது. இந்த மாதத்திலிருந்து துண்டு மாறுகிறது. அரசாங்கப் பணம் தனியாகவும் எங்கள் கூலி தனியாகவும் எழுதுவோம். அரசாங்கப் பற்றுச்சீட்டின் அசலும் உங்கள் கைக்கே வரும்.

ஐயா கேட்டதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். வருடா வருடம் லைசனுக்குக் கட்டும் பணத்துக்கும் நாலு வீலும் இழுப்பதற்கும் சம்பந்தமே இல்லை. பதிவுப் புத்தகத்தில் உள்ள வாகன வகை, எடை, எரிபொருள் ஆகியவற்றை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். மோட்டார் கார் என்று பதிந்த ஜீப்புக்கு ஒரு கணக்கு, இரட்டைப் பயன்பாட்டு (ஆளும் சாமானும் ஏற்றும்) வாகனம் என்று பதிந்த டபள் கெப்புக்கு இன்னொரு கணக்கு. இந்தப் பணம் மாகாண சபையின் வருமானம். நாங்கள் மத்திய மாகாணத்துக்குக் கட்டுகிறோம், பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்தார் ஊவாவுக்குக் கட்டுகிறார்கள். அதனால் அங்குள்ள மச்சானின் துண்டோடு உங்கள் துண்டை ஒப்பிட்டுவிட்டு எங்களோடு சண்டைக்கு வராதீர்கள்.

பிறகு ‘நாலு வீல் வரி’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? இரண்டு இடத்திலிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒன்று, 1995ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க நிதிச் சட்டத்தில் வந்த சொகுசு, அரைச் சொகுசு வரிகள். எஞ்சின் பெரிதாக இருந்தால் அதில் மாட்டும், ஜீப் என்றாலே பெரிய எஞ்சின்தானே. முதல் பதிவிலிருந்து ஏழு வருடங்களுக்கு ஆண்டுதோறும் கட்ட வேண்டிய வரி அது. நம் பக்கத்தில் ஓடும் ஜீப்புகளில் பெரும்பாலானவை அந்த ஏழு வருடத்தை எப்போதோ தாண்டிவிட்டன.

மற்றது காபன் வரி. 2019இல் வந்தது. பத்து வருடத்துக்கு மேற்பட்ட பெற்றோல், டீசல் வாகனத்துக்கு எஞ்சின் கொள்ளளவின் ஒவ்வொரு சீசீக்கும் ஒன்றரை ரூபாய். ஐயாவிடம் இருப்பது மிட்சுபிஷி 4டீஆர்5 ஜீப், 2,659 சீசீ. பெருக்கிப் பாருங்கள், 3,988 ரூபாய் 50 சதம். அடுத்த வருடமே அந்த வரியை எடுத்துவிட்டார்கள். ஆனால் எங்கள் துண்டில் எல்லாம் ஒரே தொகையாக இருந்ததால், அதை நாங்கள் இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்றே ஐயா நினைத்திருக்கிறார். வாயைத் திறந்து கேட்டதற்கு அவருக்கு நன்றி. கேட்காமல் மனதில் வைத்திருப்பவர்கள் எத்தனை பேரோ!

சரி, இனி புகைப் பரிசோதனை. லைசன் எடுக்கப் போகும்போது அதிகமான ஜீப்புகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். டீசல் வாகனமென்றால் எக்சலேட்டரை முழுதாக அமத்தி அமத்தி விட்டு, வரும் புகை எவ்வளவு கறுப்பு என்று அளக்கிறார்கள். நம் ஊர் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்போடு பார்த்தால் இங்கே காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய எஞ்சினுக்கு டீசல் அதே அளவு போகும், எரிக்கக் காற்றுப் போதாது. கரும்புகை வராமல் என்ன செய்யும்? அதிலே எயார் பில்டரும் அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். கொழுந்து ஏற்றி மண் ரோட்டில் ஓடிய ஒரு ஜீப்பின் பில்டரைப் போன வாரம் கழற்றித் தட்டினோம். பழைய பேப்பர் ஒன்றை விரித்திருந்தோம், அதில் ஒரு கைப்பிடிச் செம்மண் விழுந்தது.

ஆகவே பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பே வண்டியைக் கொண்டுவாருங்கள். பில்டர், நோசல், பம்ப் மூன்றையும் பார்த்துத் தருகிறோம். பரிசோதனை அன்று காலை எஞ்சினைக் குளிரோடு கொண்டுபோய் நிறுத்த வேண்டாம், நானுஓயா வரை ஒரு நடை போய்த் திரும்பினால் நல்லது.

எஞ்சின் மாற்றிய ஜீப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெற்றோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் பூட்டுவது நம் மலையில் புதிதல்ல, அப்பா காலத்திலிருந்தே நடக்கிறது. புத்தகத்தில் மட்டும் பெற்றோல் என்றே இருக்கும். பரிசோதனைக்குப் போனால் புத்தகம் ஒன்று சொல்லும், சைலன்சர் வேறொன்று சொல்லும். இதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முறைப்படி திருத்திக்கொள்ளுங்கள். கொழும்புக்கு அலைச்சல்தான், மறுக்கவில்லை. ஆனாலும் விபத்து நடந்த பிறகு காப்புறுதிக்காரருக்கு விளக்கம் சொல்வதை விட அது லேசு. ஹோர்ட்டன் சமவெளிக்கு ஆட்களை ஏற்றி ஓடும் தம்பிமார் இதை இரண்டு தடவை வாசியுங்கள். சொந்தப் பாவனைக்கு எடுத்த காப்புறுதியோடு வாடகை ஓடுவதும் இதே மாதிரி வில்லங்கம்தான்.

புது ஜீப் எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. சுங்க வரி, எஞ்சின் கொள்ளளவைப் பார்த்துப் போடும் உற்பத்தி வரி, 18 சதவீத வற் (பெறுமதி சேர் வரி), விலை கூடினால் சொகுசு வரி என்று ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும். என் அபிப்பிராயம் கேட்டால், செசி உக்காத பழைய ஜீப்பை விற்காதீர்கள். கராஜ்காரன் வேறென்ன சொல்வான் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது.

சாமான் விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் துண்டில் வற் என்று எதுவும் போடுவதில்லை. கொழும்பிலிருந்து வரும் கிளச் பிளேட்டின் விலைக்குள்ளேயே அது இருக்கிறது. வேண்டுமானால் நாங்கள் வாங்கிய பில்லைக் காட்டுகிறோம், கேளுங்கள்.

லைசன் வேலைக்கு வரும்போது பதிவுப் புத்தகத்தின் பிரதி, பழைய லைசன், நடப்புக் காப்புறுதி ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். தகுதிச் சான்றிதழ் தேவைப்படும் வகை வாகனமென்றால் அதுவும் வேண்டும். போன இரண்டு வருடத் துண்டுகள் வீட்டில் இருந்தால் அவற்றையும் எடுத்து வாருங்கள், எது அரசாங்கத்துக்குப் போனது, எது எங்களுக்கு வந்தது என்று பிரித்து எழுதித் தருகிறோம். கிளாக்கர் ஐயாவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. கூலியில் 200 ரூபாய் கூடுதலாக எடுத்திருக்கிறோம் என்று அவரே கண்டுபிடித்தார், திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் கராஜ்காரர்கள்
நுவரெலியா