ஒன்பதுக்கு அப்புறம் எந்த டீம், அண்ணா?

அன்புள்ள அண்ணா,

போன ஞாயிறு காந்தி ஸ்டேடியம் வாசலில் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே கேட்டேனே, மொத்தம் எத்தனை டீமுக்கு ஃபுட்பால் ஆடியிருப்பீர்கள் என்று. விரல் விட்டு எண்ண ஆரம்பித்தீர்கள், ஒன்பதில் நின்றுவிட்டீர்கள். "அதெல்லாம் யாரு கணக்கு வெச்சா, விடுப்பா." என்னால் விட முடியவில்லை, உங்கள் ஆட்டக் கணக்கை எழுத ஒரு நோட்டுப் போட்டுவிட்டேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இங்கிலாந்து ஃபுட்பாலில் நாலாவது டிவிஷனுக்கு லீக் டூ என்று பேர். 24 டீம், சீசனுக்கு ஒவ்வொரு டீமுக்கும் 46 மேட்ச். அங்கே உங்களைப்போல ஓரத்தில் ஓடி ஆடும் ஒரு விங்கர் வருஷத்துக்கொரு கிளப், நடுவில் நாலு மாசம் இன்னொரு கிளப்புக்கு லோன் என்று ஊர் ஊராக அலைந்து, ஒரு கப்பைக்கூடத் தொடாமல் ஷூவைக் கழற்றினாலும், எந்தச் சனிக்கிழமை எத்தனையாவது நிமிடத்தில் அவரை வெளியே எடுத்தார்கள் என்பதுவரை பதிவில் இருக்கும். உங்களுக்குப் பரண் மேல் ஒரு ரெக்ஸின் பை. அதில் நாலு சர்டிஃபிகேட், ஒன்றில் இனிஷியல் தப்பு.

எனக்குத் தெரிந்தவரை இதுதான்: மாவட்ட லீக், அப்புறம் சென்னை லீக்கில் கீழ் டிவிஷனில் இரண்டு சீசன், ஏதாவது ஒரு ஆபீஸ் டீம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எடுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில். எடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கேரளாவின் மலப்புரம் செவன்ஸ், டீமுக்கு ஏழு பேர் ஆடும் ஃபுட்பால். மழை விட்டதும் சீசன் தொடங்கிவிடும். நள்ளிரவுக்கு மேல் சேலம் ஜங்ஷனில் மங்களூர் மெயில் ஏறி, திரூரில் இறங்கி, பகலெல்லாம் யார் வீட்டுத் திண்ணையிலோ தூங்கி, ராத்திரி ஃப்ளட்லைட்டில் ஆட்டம். சுற்றிலும் பாக்கு மரத்தை வெட்டிக் கட்டிய கேலரி. ஆப்பிரிக்காவில் எந்த நாட்டிலிருந்து வந்தவரும் அங்கே 'சூடானி'தான், சேலத்துக்காரரான நீங்கள் 'அண்ணாச்சி'! பதினொரு பேர் ஆட்டத்தில் விங்கருக்கு ஓரக் கோட்டை ஒட்டி இடம் கிடைக்கும், பந்தைத் தள்ளிவிட்டுத் துரத்தலாம். ஏழு பேர் ஆடும் சின்ன கிரவுண்டில் இரண்டு எட்டு வைப்பதற்குள் எதிர் டீம் டிஃபெண்டர் மேலே வந்து விழுவான். "ஓடாத, நில்லு. அவன் காலை நீட்டட்டும், அப்பப் போ" என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீர்களே, அது அங்கே அடிபட்டுக் கற்றதுதானே?

செவன்ஸுக்கு இந்திய ஃபுட்பால் ஃபெடரேஷனின் அங்கீகாரம் கிடையாது. நீங்கள் நன்றாக ஆடிய வருஷங்கள் எந்த ரெஜிஸ்டரிலும் இல்லாததற்கு அதுதான் காரணம். முட்டி போன சீசனில் பாக்கிப் பணம் தராத மேனேஜரின் பேரை இன்றுவரை நீங்கள் சொன்னதில்லை. "அவனும் கைக்காசு போட்டுத்தான் டீம் நடத்துனான்" என்பீர்கள். எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை, நோட்டில் 'பாக்கி' என்று தனிப் பக்கமே போடுவேன்.

ஏற்காட்டுக்கு கெஸ்ட் ஆடப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? இருபது கொண்டை ஊசி வளைவிலும் நான் வேனுக்கு வெளியே தலையை நீட்டியபடியே வந்தேன். செகண்ட் ஹாஃபில் பனி இறங்கி, எதிர் கோல் போஸ்ட்டே மறைந்துவிட்டது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து உங்கள் கிராஸ், ஓரத்திலிருந்து தூக்கி அடித்த பந்து, நேராக என் நெற்றிக்கு வந்தது, நான் பாருக்கு மேலே அடித்தேன். கோல் விழாத கிராஸை யாரும் எழுதி வைப்பதில்லை. நான் எழுதிவிட்டேன், முதல் பக்கத்தில்.

இந்த ஞாயிறு அந்தப் பையைக் கொண்டுவாருங்கள். செட் என் செலவு. ஒன்பதுக்கு அப்புறம் எந்த டீம்?