மலிவான அமிலத்தின் முழு விலை: எஸ்டர் ஆலை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிறு, நடுத்தர எஸ்டர் ஆலை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். கொழுப்பு அமிலத்தையும் மெத்தனாலையும் சேர்த்து மெத்தில் எஸ்டர் ஆக்கும் வேலையிலேயே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். இந்த வினையை வேகப்படுத்தும் வினையூக்கியாக நாம் போடுவது கந்தக அமிலம். மாற்று வினையூக்கி என்று யார் வாயெடுத்தாலும், அந்த அமிலத்தின் மலிவான கொள்முதல் விலையைக் காட்டியே நாம் பேச்சை முடித்துவிடுகிறோம். ஆனால், வினை முடிந்த பிறகும் அந்த அமிலம் பேட்ச்சிலேயேதான் கிடக்கிறது. 98 கிலோ அமிலத்தை நடுநிலையாக்க 80 கிலோ காஸ்டிக் சோடா வேண்டும். மிஞ்சுவதோ 142 கிலோ சோடியம் சல்ஃபேட். ஈ.டி.பி. எனும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் வழக்கமான நுண்ணுயிர்கள் இந்த உப்பை அகற்றுவதில்லை; அது ஆர்.ஓ. சவ்வு வடிகட்டி ஒதுக்கும் நீரில் திரண்டு, அந்த நீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரில் நீராவியைத் தின்று, கடைசியில் மூட்டைகளாகக் கிடங்கில் அடுக்கப்படுகிறது. இந்தச் செலவெல்லாம் கழிவுநீர்க் கணக்கில் எழுதப்படுவதால்தான் அமிலம் மலிவாகத் தெரிகிறது.

இதற்கு மாற்று, திட வினையூக்கியான ரெசின். சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகளைத் தாங்கிய இந்தப் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் மணிகளில் அமிலம் மணியோடு பிணைந்திருப்பதால், வினைக்குப் பின் வடிகட்டினால் போதும், அதே மணிகளைத் திரும்பவும் பயன்படுத்தலாம். எல்லா எஸ்டருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. வழக்கமான ரெசின்கள் சுமார் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் தாங்காது, டி.ஓ.பி. போன்ற பிளாஸ்டிசைசர்களுக்கு (பிளாஸ்டிக்கை நெகிழ வைக்கும் எஸ்டர்களுக்கு), சுமார் 200 டிகிரியில் வேலை செய்யும் டைட்டானியம் சேர்மங்களே ஏற்றவை. மெத்தில் எஸ்டர் வினையோ 60, 70 டிகிரியில் நடப்பது. வினையில் பிறக்கும் நீர் ரெசினின் அமில இடங்களைப் பற்றிக்கொண்டு வேகத்தைக் குறைக்கும் என்பதால், இரு கட்டமாக நடத்தி இடையில் நீரை அகற்ற வேண்டும்.

“ரெசின் போட்டுப் பார்த்தோம், சில வாரங்களில் செத்துவிட்டது” என்பது உங்களிடம் நான் அடிக்கடி கேட்கும் பதில். நான் பணியாற்றிய ஓர் ஆலையிலும் அப்படித்தான் நடந்தது. அன்று ரெசினைத் திட்டியவர்களில் நானும் ஒருவன். ரெசின் மணிகள் நிரப்பிய படுகையைத் திறந்து ஒரு கைப்பிடி அள்ளியபோது, மேலடுக்கு மணிகள் துருநிறத்தில் இருந்தன. கொழுப்பு அமிலம் வரும் குழாயில் யாரோ அவசரத்துக்குச் சாதாரண இரும்பு வால்வு ஒன்றை மாட்டியிருந்தார்கள்; அதிலிருந்து கரைந்த இரும்பு அயனிகள், மணிகளுக்கு அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனிகள் இருந்த இடத்தைப் பிடித்துவிட்டன. சோடியமும் இதையே செய்யும். அந்த வால்வை மாற்றி, இத்தகைய அயனிகளை முன்னதாகவே பிடித்துக்கொள்ளும் சிறிய காப்புப் படுகை ஒன்றை முன்னால் வைத்திருந்தால் போதுமாயிருந்தது.

ஆகவே, அமிலம், காஸ்டிக், நீராவி, உப்பு அகற்றும் செலவு ஆகிய நான்கையும் ஒரே தாளில் ஒரு மாதத்துக்கு எழுதிப் பார்க்குமாறும், அடுத்த ரெசின் சோதனைக்கு முன் மூலப்பொருளில் உள்ள இரும்பையும் சோடியத்தையும் அளந்து பார்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உற்பத்தி வேதியியலாளர் ஒருவர்