மஞ்சள் நோட்டு எங்கே?

அன்புள்ள விஜி,

நாலு மாசமாகப் பதில் இல்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு. இவருக்கு ராத்திரி எது, பகல் எது என்று தெரிவதில்லை. போன வாரம் என்னையே "நீங்க யாரு?" என்று கேட்டார். கல்யாணமாகி முதல்முறையாக மரியாதை! சரி, அது இருக்கட்டும்.

"இந்த வயசில் என்னத்தை எழுதுவது" என்று போனில் புலம்பினாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். ஆலன் ரெயின் என்று ஒரு வேல்ஸ் நாவலாசிரியை. ஆம்பளைப் பெயராக இருக்கிறதே என்று பார்க்காதே, அது கனவில் வந்த புனைபெயராம். நிஜப்பெயர் ஆன் அடலைசா. 1836இல் நியூகாசில் எம்லினில் வக்கீல் மகளாகப் பிறந்தாள். லண்டன் பேங்க்காரரைக் கட்டிக்கொண்டு, அங்கே வருஷக்கணக்கில் சீக்காகக் கிடந்தாள். 1894இல் எய்ஸ்டெட்வாடில், அதாவது அவர்கள் ஊர்க் கலைவிழாவில், ஒரு தொடர்கதைக்குப் பரிசு. அப்புறம் எழுதிய நாவலைப் பதிப்பாளர்கள் ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினார்கள். ஒருவழியாக 1897இல் 'எ வெல்ஷ் சிங்கர்' என்று வெளிவந்தபோது அம்மாளுக்கு 60 வயது! ஆடு மேய்க்கிற பெண் பெரிய பாடகியாகிற கதை. நம் தமிழ் மிஸ் மூக்கைச் சுளித்திருப்பார். நீயும் நானும் பெஞ்சுக்கு அடியில் வைத்துப் படித்திருப்போம். அவள் புத்தகங்கள் மொத்தமாக 20 லட்சம் பிரதிக்கு மேல் விற்றனவாம்.

ஆனால் விஜி, என்னைப் பிடித்துக்கொண்டது இதெல்லாம் இல்லை. 1900 வாக்கில் அவள் கணவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது. அவரை அழைத்துக்கொண்டு டிரெசெய்த் என்ற கடற்கரைக் கிராமத்துக்கே வந்துவிட்டாள். அங்கே ஆறு பாறை உச்சியிலிருந்து நேராக மணலில் விழுமாம். அந்த வீட்டில் அவரைப் பார்த்துக்கொண்டே எழுதினாள். 1906இல் அவர் போனார். இரண்டே வருஷத்தில் மார்பகப் புற்றுநோயில் இவளும் போய்விட்டாள். அவள் எழுதியது ராத்திரியிலா, அவர் தூங்குகிற மதியத்திலா? எனக்கு மதியத்தில் முக்கால் மணி நேரம் கிடைக்கிறது. இந்தக் கடிதமே மூன்று மதியம்.

நீ கதை எழுதிய அந்த மஞ்சள் நோட்டைக் கூரியரில் அனுப்பு. தையல் விட்டிருந்தாலும் பரவாயில்லை, பசை தடவி வைக்காதே. எட்டாம் அத்தியாயத்தில் அந்தப் பயல் ரயிலில் ஏறினானா இல்லையா என்று 1983லிருந்து காத்திருக்கிறேன்டி.

உன்,
ராஜி